என் விரல் பட்ட குழல்கள்

நாங்கள் சுடுகிற துவக்குக்குக் குழல் செய்கிறோம் என்றுதான் நான் நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்து, நானே நடுங்கினேன்.

உடுப்பிட்டியில் எங்கள் பட்டறை. ஜேர்மனியிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பி, கணினியில் ஓடும் கடைசல் இயந்திரங்களை இறக்கி நடத்துகிறார். தண்ணீர்ப் பம்புக்கும் உழவு இயந்திரத்துக்கும் பாகங்கள் செய்வோம். இயந்திரம் கடைந்து தருவதை அளந்து சரி, பிழை சொல்வது என் வேலை. கொழும்பிலிருந்து முதன்முதலாக ஒரு பெரிய ஓடர் வந்தது. முழ நீள உருக்குக் குழல்; உட்புறம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும். வரைபடத்தில் அளவுகள் இருந்தன. எதற்கு என்று இல்லை. இது சரிவந்தால் தொடர்ந்து வேலை வரும், இல்லாவிட்டால் இதற்கென்று வாங்கிய புது இயந்திரத்தை மூடிவைக்க வேண்டியதுதான் என்று முதலாளித் தம்பி சொல்லியிருந்தார்.

சண்டைக் காலத்தில் சைக்கிள் பம்போடு போனதற்காக ஆமிச் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டு, அதை அடித்துக் காட்டியவன் நான். காற்று வந்த பிறகுதான் விட்டார்கள். அப்படிப்பட்டவன், முதல் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் துவக்கைத் தவிர வேறு என்ன தெரியும்? தம்பியிடம் போய், இது எதற்கு என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"அண்ணை, வரைபடத்திலை இருக்கிறபடி செய்து குடுப்பம். என்னத்துக்கெண்டு துருவினால் அடுத்தமுறை வேறை ஆளிட்டைப் போயிடுவாங்கள்."

எதையோ ஒளிக்கிறவனும் இப்படித்தானே கதைப்பான்? அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீதியில் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் கக்கூசுக்குப் போனேன். துளையைச் சோதிக்க ஒரு கம்பி உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. வீதியைப் பார்த்தபடி கோணலாகச் செருகியதில் இரண்டு முனையும் போகவில்லை. குழலில் பிழையில்லை, அளந்தவனில்தான் பிழை.

வீட்டில் சொன்னேன். மனைவி மீன் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, கரப்பானைக் கண்டு கதிரையிலை ஏறுற உங்களை நம்பியே துவக்குச் செய்யிறாங்கள்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பயத்துக்கு நியாயம் தெரியாது. பிடித்தால் விரல் அடையாளத்தை வைத்துத்தான் பிடிப்பார்கள் என்று அன்றிரவு படுக்கையில் தோன்றியது. மற்றவர்கள் கையுறை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழலையும் வெறுங்கையால் தொட்டவன் நான் ஒருவன்தான்.

குழல்கள் எல்லாம் தேறின. எண்ணெய் பூசிப் பெட்டிகளில் அடுக்கினோம். லொறி வருவதற்கு முதல்நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு குழலையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தேன். என் அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை என்ற திருப்தியோடு, வியர்த்த கையாலேயே எடுத்துத் திரும்ப அடுக்கினேன். அன்று நன்றாக நித்திரை வந்தது.

பெட்டிகள் கொழும்புக்குப் போய் அப்படியே திரும்பி வந்தன. தம்பி ஒரு குழலை மேசையில் வைத்தார். செம்பட்டையாகத் துருப் பிடித்திருந்தது. நடுவில் ஒரு பெருவிரல், ரேகை ரேகையாக, அடையாள அட்டைக்கு எடுத்ததுபோலப் பதிந்திருந்தது.

"எண்ணெய் பூசினதுதானே, அண்ணை?"

"ஓம். பிறகு நான் துடைச்சனான்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உது மீன்பிடிப் படகுக்கு, எண்ணெய் அழுத்தத்திலை சுக்கான் திருப்புற குழல். கடலுக்குப் போற சாமானைத் துருவோடை அனுப்பியிருக்கிறியளெண்டு இப்பதான் ஃபோனிலை ஏசினவங்கள்."

துருவை மெருகிட்டு எடுத்தோம். எடுத்ததில் துளை பெருத்துவிட்டது. சோதனைக் கம்பியின் போகக்கூடாத முனை எல்லாக் குழலுக்குள்ளும் போனது. ஓடரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள். புது இயந்திரம் துணி போர்த்தி நிற்கிறது.