யாருக்கும் போடாத ஒரு மணி நேரம்

பஸ் டிப்போவில் எல்லோருக்கும் அவள் சார்ட்டு அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த டிரைவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நூற்று நாற்பது டிரைவர்களில் யார், எந்த நாள், எந்த பஸ்ஸை, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று வாராவாரம் எழுதி டிப்போ வாசலில் ஒட்டுவார்களே, அந்த நீளத் தாளுக்குத்தான் டியூட்டி சார்ட் என்று பெயர். பதினொரு வருடமாக அதை எழுதுகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்றால் அவள் மேசை முன்னால் வந்து நின்று தலையைச் சொறிய வேண்டும்.

"வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கக்கா."

"போன மாசமும் அவங்கதானே வந்தாங்க? இன்னும் போகலையா?"

அவ்வளவுதான். கேட்டவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விடுவார்.

இலையுதிர் காலம் வந்தால் அவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பள்ளிக்கூடங்கள் திறந்து பஸ்களில் கூட்டம் நெரியும். ஈர இலைகள் ரோடு முழுக்க அப்பிக் கிடப்பதால் வண்டிகள் வழுக்கிவிடுமோ என்று ஊர்ந்து போகும். போதாததற்கு டிரைவர்களில் பாதிப் பேருக்கு இருமல். இந்த வருடம் இதோடு அவளுக்கு நிறைமாதம் வேறு. வயிறு வளர வளர நாற்காலி மேசையை விட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் பேனாவே எட்டவில்லை. அன்றிலிருந்து ஒரு பலகையை வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு சார்ட் எழுதினாள். உள்ளே இருப்பது உதைத்தால் கோடு கோணலாகும்.

"யாரோ உள்ளேருந்தே லீவு கேக்குறாங்க போல" என்பார்கள் டிரைவர்கள்.

வீட்டில் ஆட்கள் அதிகமில்லை. கணவர் பேக்கரியில் அடுப்படிக்காரர். விடியுமுன் போய் மதியம் திரும்புவார். மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்கு இன்னொரு பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளைப் பெரியவள் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெரியவள் பிறந்தபோது அவளுடைய அப்பா பக்கத்தில் இல்லை. பேக்கரியில் வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சார்ட்டு அக்கா பதினேழு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாக டாக்ஸி பிடித்துப் போய்ப் பெற்றாள். அவர் மாவு ஒட்டிய சட்டையோடு ஓடி வந்து சேர்ந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுற்றித் தூங்கவே வைத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் யாராவது பேச்சுவாக்கில், "பொறந்ததும் நல்லா அழுதாளா?" என்று கேட்டுவிட்டால் அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியாது. இந்தத் தடவை முதல் அழுகையை அவர் காதால் கேட்டே ஆக வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

முடிவு கட்டியபின் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். வீட்டுக்கும் ஒரு டியூட்டி சார்ட் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பிரசவ விடுமுறை தொடங்கியதிலிருந்து, கணவர் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் காருள்ள ஆள் ஒருவர் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். வலி வந்ததும் அந்த ஆள் காரை எடுத்து, முதலில் பேக்கரிக்குப் போய்க் கணவரை ஏற்றிக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவு முதல் காலை ஒன்பது மணி வரை அவளுடைய தம்பி. அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். சைக்கிள்கூட அவனை முந்திக்கொண்டு போகும் என்பதால் ரேஸ் என்று பட்டப்பெயர். ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை நாத்தனார், அதாவது கணவரின் அக்கா. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் வரமாட்டார், பின்னும் வரமாட்டார். ஒரு மணிக்குமேல் கணவரே வந்துவிடுவார்.

"எனக்கு?" என்று கேட்டாள் பெரியவள்.

"உனக்குச் செருப்பு டியூட்டி. அம்மாவுக்குக் குனிய முடியாதில்ல? நீதான் எடுத்து வந்து மாட்டி விடணும்."

"எனக்கு உடம்பு சரியில்லன்னா?"

சார்ட்டில் மாற்று ஆள் என்ற கட்டமும் இருந்தது. பெரியவள் பேருக்கு நேரே அவளுடைய பொம்மைக் கரடியின் பேரை எழுதினார்கள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகையும் நடந்தது. "வலி!" என்று சார்ட்டு அக்கா கத்தினாள். ரேஸ் கார் சாவியைத் தேடி சோபா மெத்தைகளையெல்லாம் கவிழ்த்தான்.

"டேய், உன் வாயில என்ன?" என்றார் நாத்தனார்.

சாவி அவன் பல்லுக்கிடையில் இருந்தது. கணவர் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். கீழே போய்ப் பார்த்தால் அது பெரியவளின் ஸ்கூல் பை.

"ரொம்ப நல்லது. பிள்ளைக்கு மாத்துத் துணிக்குப் பதிலா வாய்ப்பாடு போத்தி விடலாம்" என்றாள் சார்ட்டு அக்கா. சிரித்துச் சிரித்து வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒத்திகை நிஜமாகிவிடுமோ என்று எல்லோரும் ஒரு நிமிடம் ஆடிப் போனார்கள்.

அவளுடைய பிரசவ விடுமுறைக்கு முந்தின கடைசி வேலைநாள் ஒரு சனிக்கிழமை. அந்த ஊரில் வருடாவருடம் இலையுதிர் காலத்தில் ஒரு ராத்திரி எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அந்த ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலாக நீளும். டிப்போவுக்கு அது பெரிய தலைவலி. கூடுதலாக வரும் ஒரு மணி நேரத்தில் எந்த வண்டி ஓடும், யார் ஓட்டுவார்கள் என்று தனியாக எழுத வேண்டும். கொஞ்சம் பிசகினால் நடு ரோட்டில் பஸ் ஓட்ட ஆளில்லாமல் நிற்கும். அந்த வருடமும் அவள் ஒரு நிமிடம் பிசகாமல் எழுதி முடித்தாள்.

கிளம்பும்போது ஹாரன் அண்ணன் வழிமறித்தார். இருபத்திரண்டு வருடமாக ஹாரன் அடிக்காமலே பஸ் ஓட்டுகிறேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு அந்தப் பேர் வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் விட்டுடுக்கா. மீன் பிடிக்கப் போகணும்."

"மீனுக்கு நாளைக்கு டியூட்டி போடலண்ணே. பதினாலாம் நம்பர் உங்களுக்குத்தான்."

"உன் பிள்ளை உன்னை மாதிரியே பொறக்கட்டும். அப்பத் தெரியும்" என்று சபித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை. கணவர் வழக்கம்போல் வேலைக்குப் போயிருந்தார். ரேஸ் சோபாவில் எழுந்து உட்கார்ந்து சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பது. டிப்போவில் ஒரு சட்டம் உண்டு. மாற்று ஆள் வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அதை எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்கிறவளே அன்று, "நீ போடா. சவாரி இருக்குன்னியே. அண்ணி இப்பப் படியேறிக்கிட்டு இருப்பாங்க" என்று அனுப்பி வைத்தாள். நாத்தனார் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒன்பதே கால். நாத்தனார் வரவில்லை. சார்ட்டு அக்கா குழந்தைத் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பத்து நிமிடத்தில் இன்னொன்று வந்தது. இது ஒத்திகை இல்லை என்று உடம்பு சொன்னது. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எங்கண்ணி இருக்கீங்க? மணி ஒன்பது இருபத்தஞ்சு!"

"என்னம்மா சொல்ற? எட்டு இருபத்தஞ்சுதானே? தலைக்கு டை போட்டு உக்காந்திருக்கேன். ஒன்பது மணிக்கு அங்க இருப்பேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எட்டு இருபத்தைந்து. சுவரைப் பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து. ஊரில் ஓடும் பஸ்ஸுக்கெல்லாம் கூடுதல் ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தவள், தன் வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த சார்ட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் இந்த ஒரு மணி நேரம் யார் பேரிலும் இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அண்ணி, வலி வந்துடுச்சு. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"ஐயையோ!" என்ற சத்தத்தோடு அந்தப் பக்கம் ஏதோ கிண்ணம் உருளும் சத்தமும் கேட்டது.

ரேஸ் போனை எடுக்கவில்லை. சவாரி ஏற்றியிருப்பான். பேக்கரி ஆபீஸுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாவு பிசையும் மெஷின் ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். நர்ஸ் வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டுவிட்டு, "கிளம்பி வாங்க. பதறாதீங்க, நேரம் இருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பவா?" என்றாள்.

ஆம்புலன்ஸ் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். கணவர் மறுபடியும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். மறுபடியும் மாவுச் சட்டையோடு ஓடி வருவார். மறுபடியும் அந்தப் பார்வை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு டாக்ஸி கூப்பிட்டாலும் வந்து சேர அரை மணி நேரமாகும். அவள் கண்ணை மூடினாள். சார்ட் தானாகவே மனதில் விரிந்தது. பதினாலாம் நம்பர். எட்டு முப்பத்தெட்டுக்கு நம் தெரு முனை. எட்டு நாற்பத்தாறுக்கு பேக்கரி. எட்டு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசல்.

"வேண்டாம் சிஸ்டர். பஸ்ல வந்துடுறேன்."

"என்னது?"

அதற்குள் போனை வைத்துவிட்டாள். "பெரியவளே! செருப்பு டியூட்டி!"

பெரியவள் பறந்து வந்தாள். செருப்பை மாட்டி விட்டாள். கரடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சரியான பையைத் தரதரவென்று படியில் இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெரு முழுக்க மஞ்சள் இலை. முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸும் வந்து நின்றது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

கதவு திறந்ததும் ஹாரன் அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் கம்பியைப் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தார்.

"அக்கா… இன்னைக்கு லீவு கேட்டேனே!"

"தராதது நல்லதாப் போச்சுல்ல? வண்டியை எடுங்கண்ணே. பேக்கரி ஸ்டாப்ல அவரை ஏத்தணும்."

பஸ்ஸில் நாலே பேர். விஷயம் தெரிந்ததும் நாலு பேரும் எழுந்து இடம் கொடுத்தார்கள், மற்ற சீட்டெல்லாம் காலியாக இருந்தபோதும். வலி வந்தபோது ஸ்கேட்டிங் ஷூ போட்டிருந்த ஒரு பெண் கையை நீட்டினாள். சார்ட்டு அக்கா பிடித்த பிடியில் அவளுக்கும் சேர்த்து வலித்திருக்கும்.

பேக்கரி வாசலில் பஸ் நின்றது. அடுப்படி பின்பக்கம். கூப்பிட்டால் கேட்காது. இறங்கிப் போய் வர நேரமாகும். ஹாரன் அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். "இருபத்திரண்டு வருஷ விரதம்" என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஹாரனில் வைத்து அழுத்தினார். அது யானை பிளிறின மாதிரி தெருவையே உலுக்கியது. ஜன்னல்கள் திறந்தன. நாய்கள் குரைத்தன. அடுப்புக்குள் ரொட்டி தள்ளும் நீளக் கம்பை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு, எவன்டா அது என்று கேட்கும் முகத்தோடு கணவர் வெளியே வந்தார். பஸ் ஜன்னலில் மகளின் முகமும் கரடியின் முகமும் தெரிந்தன.

"அப்பா! உங்க டியூட்டி வந்துடுச்சு!"

கம்பை அங்கேயே போட்டுவிட்டு ஏறினார். பஸ்ஸில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள்.

பிரசவ அறையில் நர்ஸ் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, "முதல்ல போய்க் கழுவிட்டு வாங்க" என்றாள். அவர் நகரவில்லை. வாஷ்பேசின் நாலடி தூரத்தில்தான் இருந்தது. அந்த நாலடி போய் வருவதற்குள் பிறந்துவிடுமோ என்று பயம்.

"போங்க. உங்க கட்டத்துல வேற ஆளைப் போட மாட்டேன்" என்றாள் சார்ட்டு அக்கா.

முகத்தை இவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே கையைக் கழுவினார். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

பதினொன்று இருபதுக்குப் பையன் பிறந்தான். பிறந்ததும் அழுதான். அடேயப்பா, என்ன குரல். அவர் மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை அந்தப் பார்வை வேறாக இருந்தது. "கேட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

தலையில் பிளாஸ்டிக் உறையும் நெற்றியில் வழிந்த டையுமாக நாத்தனார் வெளியே பெரியவளோடு உட்கார்ந்திருந்தார். ரேஸ் மூச்சிரைக்க ஓடி வந்து, எல்லாம் முடிந்த சேதி கேட்டு, பிள்ளையைப் பார்க்குமுன் அக்காவிடம் சண்டைக்குப் போனான். "நான் ஒன்பது மணிக்குத்தானே கிளம்பினேன்?"

"எட்டு மணிக்குடா."

"ரெண்டும் சரிதான்" என்றார் கணவர். அவருக்கு அன்று எல்லாமே சரியாகத்தான் பட்டது.

பெரியவள் தம்பியை உற்றுப் பார்த்தாள். "இவன் பதினொன்னு இருபதுக்குப் பொறந்தானே, அது பழைய மணியா, புது மணியா?"

சார்ட்டு அக்கா படுத்தபடியே கையை நீட்டினாள். "யாராவது ஒரு தாளும் பேனாவும் குடுங்க. இன்னைக்கு ராத்திரி இவன் அழுதா யார் தூக்குறதுன்னு எழுதணும்."