பால் கேன்கள் கூட்டிய கூட்டம்

குறைமாதத்தில் பிறந்து பிழைத்தது, முட்டுகிற மாட்டைப் பேச்சிலேயே வழிக்குக் கொண்டுவந்தது, பெண் பார்க்க வந்தவரை மீசையை எடுக்கவைத்து அவரையே கட்டிக்கொண்டது. இவையெல்லாம் என் தங்கை ஜெயித்தவை. அடுத்தது எங்கள் காவல் நிலையம். அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

அவளிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. ஒன்றைத் திருடர்கள் வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பசுவின் கயிற்றைத் தன் காலில் கட்டிக்கொண்டு தொழுவத்திலேயே படுத்தாள். மாடு எழுந்தால் இவளும் எழ வேண்டும்.

எந்தப் பிரச்சினையை முதலில் கவனிப்பது என்று போலீசார் மாதம் ஒரு கூட்டம் போட்டு ஊராரைக் கை தூக்கச் சொல்வார்கள். அது மாடு வைத்திருப்பவர்கள் சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம் என்பதால் கடைத்தெரு ஆட்கள்தான் போவார்கள். மாதாமாதம் ஜெயிப்பது ஒன்றே: ஹார்டுவேர் கடை வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது.

தங்கை ஸ்டேஷனுக்கே போனாள். "எங்களால வர முடியாது சார். நீங்க பால் சொசைட்டிக்கு வாங்க."

இன்ஸ்பெக்டர் வந்தார். ஹார்டுவேர் கடைக்காரரும் தன் ஆட்களோடு பின்னாலேயே வந்தார். வாசலில் கேன்கள்தான் வரிசையாக நின்றன. கேனை வைத்து இடம் பிடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது எங்கள் வழக்கம்.

"என்னம்மா, ஆளையே காணோம்?"

"இருக்காங்களே சார். இது என் நாத்தனார். அந்த நசுங்கினது சித்தப்பா."

"நசுங்கின சித்தப்பா பேசுவாரா?" என்றார் கடைக்காரர்.

"உங்களைவிடக் கம்மியாத்தான் பேசுவாரு அண்ணே."

"கேனுக்கெல்லாம் ஓட்டு கிடையாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப ஒரு கேனை வரிசையிலிருந்து தள்ளி வச்சுப் பாருங்க சார்."

அவர் சித்தப்பாவைக் காலால் லேசாகத் தள்ளினார். குழாயடி, டீக்கடை, சந்து எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"மாட்டுத் திருட்டைத்தான் முதல்ல பிடிக்கணும்ங்கிறவங்க, தூக்கின கையை இறக்காதீங்க" என்றாள் தங்கை. ஒரு கையும் இறங்கவில்லை.

தீர்மானத்தில் அவள் ஒப்பமிட வேண்டும். கான்ஸ்டபிள் மை டப்பாவைத் திறந்தார். "கைநாட்டுதானே" என்று கடைக்காரர் சிரித்தார். தங்கை டப்பாவை மூடினாள். பேனாவை வாங்கிக்கொண்டு தன் கேனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பெயின்டர் அதில் எழுதிய அவள் பெயரைத் தினமும் தேய்த்துக் கழுவிய கை அது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். கேனில் இருந்தபடியே, பெயருக்குக் கீழே "பத்து லிட்டர்" என்றும் எழுதினாள். இன்ஸ்பெக்டர் அதை அடிக்கவில்லை.

அந்த வாரமே இரவு ரோந்து தொடங்கியது. கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தங்கை கட்டிலில் படுத்தாள். அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 2016 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை.