பாரி கட்சி

மாமாவும் நானும் பாரி கட்சி. அம்மாவுக்குக் கட்சி கிடையாது. கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று, அழவேண்டிய இடத்தில் மட்டும் அழுதுவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்பாவோ, டிவி தொடரின் ஆரம்பப் பாட்டு கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

அப்போது நாங்கள் செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, உப்பலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் தெலுங்கு, தெருவில் இந்தி. அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லித் திட்டு வாங்குவேன். அந்தத் தொடரைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குத் தமிழ் மூச்சுவிடாமல் வரும். அதனால்தான் படிக்கிற பிள்ளை என்றும் பார்க்காமல் அம்மா என்னை டிவி முன்னால் விட்டுவைத்திருந்தாள்.

கதை இதுதான். வெண்ணிலா விஷ்வாவைக் காதலித்தாள். கல்யாணத்தன்று காலையில் விஷ்வா காணாமல் போய்விட்டான். மணமேடையில் தனியாக நின்றவளுக்கு, பந்தலில் நாற்காலி போட வந்த பாரி தாலி கட்டினான். பாரி ரொம்ப நல்லவன். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். வெண்ணிலா மெல்ல மனம் மாறி அவனுக்குச் சோறு பரிமாறும் அளவுக்கு வந்தபோது, விஷ்வா தாடியோடு திரும்பி வந்து நின்றான். இனி அவள் யாரோடு வாழவேண்டும்?

"ஏட்டி, பாரிய விட்டா வேற எவன் அவளத் தாங்குவான்?" என்பார் மாமா.

"விஷ்வாவுக்குத் தாடியே ஒட்டுத்தாடி மாமா. கன்னத்துல கோடு தெரியுது" என்பேன் நான்.

"நல்லாப் பாத்திருக்க போ!" என்று என் முதுகில் தட்டுவார். ஆபீசிலிருந்து வரும்போது அவர் வாங்கிவரும் உஸ்மானியா பிஸ்கட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் தின்போம். சோபாவில் அவர் பக்கத்து இடம் என்னுடையது. யாரும் பட்டா எழுதித் தரவில்லை, ஆனால் என்னுடையதுதான்.

இந்த நிலையில் மாமாவுக்குப் பெண் நிச்சயமாயிற்று. தாத்தாவின் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பெண் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அத்தை என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன்.

முதல் நாளே அத்தை என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிஸ்கட் பொட்டலமும் முதலில் அவள் கைக்குத்தான் போனது. நான் தரையில் உட்கார்ந்து, அவளுடைய கால் கொலுசில் ஒரு மணி குறைவதைக் கண்டுபிடித்து ஆறுதல் அடைந்தேன். விளம்பரம் வந்ததும் கேட்டேன்:

"நீங்க யாரு கட்சி ஆன்ட்டி?"

"விஷ்வா கட்சி" என்றாள் தயங்காமல். "பாவம், ஏன் போனேன்னு அவன ஒருத்தரும் கேக்கவே இல்லையே."

எனக்கு ஒரே சந்தோஷம். இனி மாமா விடுவாரா? கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மாமா கழுத்தைச் சொறிந்துகொண்டு, "அதுவும் ஒரு பாயிண்ட்தான்" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எத்தனை மாதம் கூடவே நின்று வாதாடியிருக்கிறேன்! எழுந்து உள்ளறைக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

இப்படியே சில சனிக்கிழமைகள் போயின. பிறகு ஒரு நாள், நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா ஊரிலிருக்கும் பெரியம்மாவிடம் ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணுக்கு முன்னால ஒரு எடத்துல நிச்சயமாச்சுல்லா, கல்யாணப் பத்திரிகை அடிச்ச பொறவு அந்தப் பய விட்டுட்டு அமெரிக்கா போனாம்லா, அவன் திரும்பி வந்திருக்கானாம்க்கா. அவுக வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டானாம். பொண்ணும் உக்காந்து பேசியிருக்கு. நம்ம தம்பிக்கு மொகமே சரியில்ல. கல்யாணம் நடக்குமான்னே பயமா இருக்கு."

அதில் எனக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: மாமாவுக்கும் ஆன்ட்டிக்கும் சரியில்லை. உண்மைதான். அந்த வாரம் மாமா ஃபோனை அணைத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாரிக்காக முன் எப்போதும் இல்லாத வேகத்தோடு பேசினார். பொட்டலம் என் கைக்கே வந்தது. அவர் ஒரு பிஸ்கட்கூடத் தின்னவில்லை. எல்லாவற்றையும் நானே தின்றேன்.

சனிக்கிழமை அத்தை வந்தாள். மாமா தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் முந்திக்கொண்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தேன். அத்தை ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொடரில் வெண்ணிலா மாடிப்படியில் உருண்டு, மயக்கமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெளியே பாரி ஒரு பக்கம், விஷ்வா ஒரு பக்கம்.

"வந்தவன வாசல்லயே வச்சு அனுப்பியிருக்கணும்" என்றார் மாமா, டிவியைப் பார்த்தபடி. "உள்ள விட்டதுதான் தப்பு."

"கைக்கு?" என்றாள் அத்தை. ஏன் என்பதற்கு அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "அவன் சொல்ல வந்தத சொல்லி முடிச்சாத்தானே கதவச் சாத்த முடியும்?"

"சாத்துவாளாக்கும்?"

"சாத்தியாச்சு."

"எங்க சாத்தினா? அவன் வாசல்லயேதான் நிக்கான், பாருங்க!" என்று நான் டிவியைக் காட்டினேன். இருவரும் திரும்பவில்லை.

"அப்ப ஏன் அவன் கட்சின்னு சொன்ன?"

"நியாயத்துக்குச் சொன்னேன். அதுக்காக அவன் கூடப் போயிடுவேன்னு அர்த்தமா?"

போயிடுவேனாம்! போயிடுவாள் என்றல்லவா சொல்லவேண்டும்? அத்தைக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"ஹவ், பாரி நல்லவன்தான்" என்று ஆமாம் போட்டுவிட்டு அத்தை தொடர்ந்தாள். "ஆனா ஒரு வார்த்த கேக்குறானா? ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கான். ஃபோன் பண்ணாலும் எடுக்கறதில்ல."

"பாரிகிட்ட ஃபோனே கெடையாது ஆன்ட்டி!"

மாமா என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, டிவியின் சத்தத்தை நிறுத்தினார். தொடர் ஓடும்போது அப்படி ஒரு காரியத்தை அவர் செய்ததே இல்லை.

"கேட்டா என்ன சொல்லுவா?"

"கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

"சரி, கேக்கான். அவளுக்கு யாரு கூட இருக்க ஆசை?"

அத்தை புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "இங்கதான்" என்றாள். "வேற எங்கயும் நக்கோ."

அடுப்படி வாசலில் அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் அவசரமாக டிவியைப் பார்த்தேன். ஒரு நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அதில் அழுவதற்கு ஒன்றுமே இல்லை.

"அவ மயக்கமால்லா கெடக்கா, எப்பிடிச் சொன்னா?" என்று கத்தினேன். அதற்கு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மாமா எழுந்து வந்து, "கொஞ்சம் தள்ளுட்டி" என்றார். நான் சோபாவின் மறு ஓரத்துக்கு நகர்ந்தேன்.

திங்கட்கிழமை வெண்ணிலா கண் விழித்தாள். பாரி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. விஷ்வா வந்து அவள் கையைப் பிடித்தான். மாமா அன்று ஆபீசிலிருந்து நேராகச் செகந்திராபாத் போய்விட்டதால், இந்த அநியாயத்தை நான் தனியாகவே பார்க்க வேண்டியிருந்தது. சாப்பிடாமல் வாசலில் காத்திருந்து, அவர் வண்டியை நிறுத்தும்போதே சொன்னேன்.

"ஆன்ட்டி சொன்னது தப்பு மாமா. வெண்ணிலா அப்பிடிச் சொல்லவே இல்ல."

மாமா ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தார். "சொல்லலியா? சொல்லாட்டிப் போறா" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பாரிக்காகத் தொண்டை வறளப் பேசிய மனிதர், அவன் தோற்ற அன்று விசிலடித்துக்கொண்டு கை கழுவினார். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா வைத்த தோசை ஆறிப்போயிற்று. தட்டைத் தள்ளிவிட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன், பாரிக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.