அடுத்த முறைக்காரன்

பேணாட் எனக்கு மருமகன் முறை. என் சின்னம்மாவின் மகள் திரேசம்மா வயிற்றில் மூன்றாவதாகப் பிறந்தவன். இறக்கக்கண்டியில் கரைவலை, கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை, வைத்திருக்கிறான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்கு வருவான், வந்து கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொள்ளுவான். அவ்வளவுதான் அவனுடைய பக்தி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

பேணாட் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பாயிஸ் வீடு. அவனுக்கும் கரைவலைதான். ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் கரையில் ஒரு நாளைக்கு ஒரு வலைதான் இறங்கும். யாருக்குப் பின் யார் என்று சங்கத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். அதுதான் முறை. முறைநாளில் ஒருவன் இறக்காவிட்டால் அந்த நாளும் அடுத்த முறைக்காரனுக்குக் கூடுதலாகச் சேரும்; இறக்காதவன் மற்ற எல்லாரும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வலைக்காரனுக்கு ஏலாது என்றால் அவனுடைய சொந்தக்காரர் இறக்கலாம், பிறத்தியார் இறக்கக்கூடாது.

போன வருஷம் பாரை மீன் கூட்டமாகக் கரைக்கு வந்த நேரம், பாயிஸ் மோட்டார் சைக்கிளால் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். விடிந்தால் அவனுடைய முறை, அவனோ ஆஸ்பத்திரியில். அவனுடைய காக்கா, மூத்த அண்ணன், கட்டாரில், பிள்ளைகள் சின்னன். அவனுக்கு அடுத்த முறை பேணாட்டுக்கு.

"அப்ப நாளைக்கு எங்கட வலைதானே? ஆண்டவர் தாறதை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ" என்றாள் பேணாட்டின் பெண்சாதி கிறிஸ்டின்.

பொழுதுபட பாயிஸின் மனைவி றுக்கியா வேலியடிக்கு வந்தாள். "பேணாட்டண்ணே, எங்கட வலையைக் கொஞ்சம் மூடிவிடுங்க. நாளைக்கு இறங்காதுதானே. மழையில நனைஞ்சு கிடந்தா உக்கிப்போயிடும்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பேணாட் போய் மூடிவிட்டு வந்தான்.

விடியக் கரையில் நானும் நின்றேன். பேணாட் தள்ளிக்கொண்டு வந்தது பாயிஸின் தோணியை. உள்ளே பாயிஸின் வலை, கூட பாயிஸின் ஆட்கள். சங்கத் தலைவர் இரத்தினசிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

"இதென்ன பேணாட், உன்ர தோணி எங்கை?"

"என்ர நாளைக்கு."

"சொந்தக்காரர்தான் இறக்கலாம், தெரியாதோ? நீ பாயிஸுக்கு என்ன முறை?"

"மச்சான்."

"கூப்பிட்டாப்போலை முறை வந்திடுமோ? பஸ் கொண்டக்டர் என்னை அண்ணை எண்டுதான் கூப்பிடுறான். அவனுக்குக் காணி எழுதிக் குடுக்கவோ?"

எல்லாரும் சிரித்தார்கள். பேணாட் தலையைச் சொறிந்தான்.

"அப்ப, நான் அவனுக்கு அடுத்த முறை."

"என்னது?"

"சீட்டிலை அவனுக்கு அடுத்தது நான். அவன் இறக்காட்டி இண்டைக்கு நான்தான் இறக்கவேணும். இதாலை நட்டம் எனக்கு மட்டுந்தான். முறைப்பாடு வைக்கிறதெண்டா நான்தான் வைக்கவேணும். நான் வைக்கேல்லை."

இரத்தினசிங்கம் தோணிக்கு வழிவிட்டு விலகினார். "நாளைக்குப் பாரை போயிட்டுதெண்டு என்னட்டை வந்து அழக்கூடாது."

"ஓம்."

பேணாட் சிலுவை போட்டுக்கொண்டு, பாயிஸின் ஆள் றம்ஸானைத் திரும்பிப் பார்த்தான். "வலை உங்கடை. பாயிஸ் சொல்லுற மாதிரி நீயும் சொல்லு." றம்ஸான் பிஸ்மில்லாஹ் சொன்னான். தோணி இறங்கியது.

மத்தியானம் வலை கரையேறியபோது மடி நிறையப் பாரை. இழுத்தவர்களுக்குப் பங்கு போக மிச்சமெல்லாம் றுக்கியாவின் கைக்குப் போனது. பாயிஸ் எழும்பி நடக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான்.

"கறிக்காவது ரெண்டு எடுத்தனியோடா?" என்று கேட்டேன்.

"மறந்துபோனன், மாமா."

மறுநாள் அவனுடைய வலையில் பாசியும் சொறிமுட்டையும்தான், ஒரு பாரைகூட இல்லை. கிறிஸ்டின் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. றுக்கியா பொரித்த மீனை வேலியால் நீட்டியபோது, "எங்களுக்கு வரவேண்டிய மீன்" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வாங்கினாள்.

பிறகொரு ஞாயிறு. கோயிலில் வாசகம் வாசிக்கிறார்கள், அடுத்திருப்பவர்மேல் அன்புகாட்டச் சொல்லி. பேணாட் வழமைபோல நித்திரை. கிறிஸ்டின் முழங்கையால் அவனுக்கு ஒரு இடி இடித்தாள்.

"எழும்புங்கோ. உங்களைப் பற்றித்தான் வாசிக்கினம்."

அவன் திடுக்கிட்டு எழும்பி, "என்ர முறை வந்திட்டுதோ?" என்றான்.