விசா இருந்தும் திரும்பி வந்தவள்

பிரான்ஸில் இரண்டு மாதம் பாறை ஏறிவிட்டு நேற்றுத்தான் கொழும்பு திரும்பினேன். இன்று வெள்ளவத்தை மார்க்கெட்டில் அப்பாவின் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"விசா முடிஞ்சுதோ பிள்ளை?"

"இல்லை அங்கிள், இன்னும் ஒரு மாசம் இருக்கு."

கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டார்.

"பிறகேன் வந்தனி? அங்க என்ன செய்தனி?"

"பாறை ஏறினனான்."

"ஏறி?"

"இறங்கினனான்."

பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் விரல்களில் தோல் உரிந்திருப்பதைக் கண்டதும் பரிதாபம் வேறு.

"பரிஸில இருக்கிற என்ர மகனைப் பார். போன பிறகு இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. அவன் கெட்டிக்காரன்!"

உண்மைதான். அந்தக் கெட்டிக்காரன் பெற்ற தாயின் செத்தவீட்டையே போனில்தான் பார்த்தான்.

என்னைப்போல் திரும்பி வந்த முட்டாள்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.