ஒளிராத தட்டு

கேளம்பாக்கம் ஆய்வகத்தில் நானும் என் தோழியும் ஒரே குடுவையிலிருந்த ஸ்டெம் செல்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் வளர்த்தோம். ஒரு செல் நரம்பு செல்லாக மாறத் தொடங்கினால் அதன் மேற்பரப்பில் ஒரு புரதம் தோன்றும். சாயம் சேர்த்த ஆன்டிபாடி அதில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும். உள்ளே நடப்பது வெளியிலேயே தெரிந்துவிடும்.

மைக்ரோஸ்கோப்பில் அவள் தட்டு முழுக்கப் பச்சை. என் பாழாய்ப்போன தட்டில் கும்மிருட்டு. அதே செல், அதே இன்குபேட்டர்!

யாருடைய செல் ஒளிர்கிறதோ அவர் மற்றவர்களுக்குப் பஜ்ஜி வாங்கித் தருவது எங்கள் வழக்கம். "சூப்பர்டி" என்று சிரித்துக்கொண்டே ஒன்றைக் கடித்தேன். "எண்ணெய்தான் சரியில்ல."

அவள் என்னையே பார்த்தாள்.

"உன் வயித்தெரிச்சலுக்கு ஆன்டிபாடியே தேவையில்லடி. மூஞ்சியிலயே தெரியுது."