திருப்பி ஓட்டிப் பார்த்தவள்

தேர்வு மேற்பார்வைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது புதுப்பட்டினத்திலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி பேசினான். “அக்கா பூட்டுச்சுக்கா.” சிறுநீரகம் முற்றிலும் கெட்டிருந்தது, எதிர்பார்த்த சாவுதான். என்றாலும் செருப்பை மாட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செங்கல்பட்டுக் கல்லூரியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் இயற்பியல் துறையின் தற்காலிக விரிவுரையாளர். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி சிலருக்கே தெரியும். வரிசையான கட்டங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஒரு விதிப்படி பூஜ்யமாகவோ ஒன்றாகவோ மாறும். செல்லுலார் ஆட்டோமேட்டா என்பார்கள். அந்த விதிகளை, அணு அளவில் செல்லுபடியாகும் குவாண்டம் இயற்பியலுக்கு ஏற்ற விதிகளாக மாற்ற முயன்றோம். குவாண்டத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருந்தாக வேண்டும். சாதாரண விதிகள் பலவற்றில் அந்த வழி கிடையாது.

ஒரு பொது முறை கிடைத்ததாக நம்பி எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டது. நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் அவள் காட்ட வேண்டியதும் அதுதான். நேர்காணலுக்கு முந்தைய வாரம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

“கலா, வரிசையத் திருப்பி ஓட்டுனா தொடங்குன எடத்துக்கு வராம வேற எடத்துல போய் நிக்குது பாரு.”

“இன்னாடி சொல்ற? நடுவருங்க பாத்துட்டாங்களே!”

“பக்கத்துக் கட்டத்த படிக்கசொல்லவே அதுவும் மாறிகினு கீது. பழசக் காப்பி எடுத்து வெச்சிக்க குவாண்டத்துல வழி இல்ல.”

“இன்டர்வியூ முடியட்டும்டி.”

“தப்புன்னு தெரிஞ்சிகினு எப்டிப் போய் ஒக்கார்றது?”

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நேர்காணலிலும் அதைச் சொல்லியிருக்கிறாள். வெளியே வந்து போன் செய்தாள். “அடுத்த கேள்வியே கேக்கல. பசிக்குது.” வீட்டில் அழுததைத் தம்பி பிறகு சொன்னான்.

அவளுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் சரியான வழி பிடிபட்டது. கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஜோடி ஜோடியாக மாற்றுவது. அடுத்த முறை ஒரு கட்டம் தள்ளி ஜோடி சேர்ப்பது. ஒவ்வொரு ஜோடியின் மாற்றத்தையும் திருப்ப முடிந்தால் முழு வரிசையையும் திருப்பலாம். மருத்துவமனைக் கட்டிலருகே நான் கணினியில் திருப்பி ஓட்ட, வரிசை தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

“வந்துச்சா?”

“வந்துட்டுச்சுடி!”

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “இன்னா மேடம், ரிசல்ட்டா?”

“ஆமா சிஸ்டர். நல்லா வந்துகீது,” என்றாள் ஸ்டெல்லா. அவர் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

புதிய கட்டுரையின் கடைசியில், எந்தெந்த விதிகளுக்கு எங்கள் முறை உதவாது என்று ஒரு தனிப் பகுதி சேர்த்தாள். எதற்கு என்றேன். “வேற ஒருத்தி இதே பள்ளத்துல வுழக் கூடாதில்ல?” கட்டுரை அச்சில் வந்ததை அவள் பார்த்தாள். நிரந்தர வேலை கடைசிவரை கிடைக்கவில்லை.

அண்மையில் நான் தனியாக எழுதிய கட்டுரையிலும் அப்படியொரு பகுதி உண்டு. அது கட்டுரையைப் பலவீனமாக்குகிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார் நடுவர். எடுக்கப்போவதில்லை.